நகரும் படிக்கட்டில் எத்தனை பேர்? – ஓர் எண்ணின் திறனாய்வு

ஒரு மீட்டர் அகலமுள்ள நகரும் படிக்கட்டு ஒன்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை மேலே கொண்டு சேர்க்கும்? எளிய வினாவாகத் தோன்றும் இதற்குப் பொறியியல் ஏடுகளில் மூன்று விடைகள் கிடைக்கின்றன. ஒன்று 9,000 என்கிறது. மற்றொன்று 6,000 என்கிறது. இன்னொன்றின்படி கணக்கிட்டால் 4,500தான் வருகிறது. மூன்றும் பேசுவது ஒரே வகை இயந்திரத்தைப் பற்றி; வேகமும் ஒன்றே, வினாடிக்கு அரை மீட்டர். ஒரே கம்பியின் மின்தடையை மூன்று மாணவர்கள் அளந்து 9 ஓம், 6 ஓம், 4.5 ஓம் என்று குறிப்பேட்டில் எழுதி வந்தால், எந்த ஆசிரியராவது கையொப்பம் இடுவாரா?

இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி என்று எண்ணிவிட வேண்டாம். பாதாள ரயில் நிலையங்களையும், விமான நிலையங்களையும், பெரிய அங்காடிகளையும் கட்டுவோர் இந்த எண்ணைக் கொண்டுதான் எத்தனை படிக்கட்டுகள் தேவை என்று முடிவு செய்கின்றனர். எண் தவறினால், மிஞ்சிய கூட்டம் நடைமேடையின் விளிம்பில் நிற்கும். ஆகவே அது எவ்வாறு பிறந்தது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை ஆராய்வோம்.

சூத்திரம் சொல்வது

எஸ்கலேட்டர் என்று வழங்கும் நகரும் படிக்கட்டில் ஒரு படியின் ஆழம் ஏறக்குறைய 0.4 மீட்டர். வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் எனில், வினாடிக்கு 1.25 படிகள் வெளிப்படும். மணிக்கு 4,500 படிகள். ஒவ்வொரு படியிலும் இருவர் நின்றால் 9,000 பேர். ஐரோப்பியத் தர நிர்ணயமான ஈ.என். 115இன் பழைய பதிப்பு தந்த ‘கொள்கையளவுக் கொள்திறன்’ இதுவே. பெருக்கல் அறிந்த எவரும் சரிபார்க்கலாம், பிழை இல்லை.

பிழை இருப்பது பெருக்கலில் அன்று, ‘இருவர்’ என்னும் எடுகோளில். மனித உடலை மேலிருந்து நோக்கினால் ஒரு நீள்வட்டமாகத் தெரியும். நடப்போர் பற்றி ஆராய்ந்த பொறியாளர்கள் அதன் அளவை 61 சென்டிமீட்டருக்கு 46 சென்டிமீட்டர் என்று கொள்வர். உடையும், கைப்பையும், சற்றே அசையும் இயல்பும் இதில் அடங்கும். இரண்டு நீள்வட்டங்களைத் தோளோடு தோளாக வைத்தால் 122 சென்டிமீட்டர் ஆகிறது; படியின் அகலமோ 100 சென்டிமீட்டர். உடலின் தடிப்பு 46 சென்டிமீட்டர். படியின் ஆழமோ 40. ஆக, அகலத்திலும் ஆழத்திலும் கணக்கு இடிக்கிறது. முன்பின் அறியாத இருவர் ஒவ்வொரு படியிலும் ஒட்டி நின்று, அவர்களுக்கு முன்னும் பின்னும் அவ்வாறே மற்றவர்களும் நின்றால்தான் 9,000 கிட்டும். அப்படி ஒரு கூட்டம் வரைபடத்தில் மட்டுமே நிற்கும்.

அமெரிக்கப் போக்குவரத்துக் கையேடுகள் மாறான பாதையில் சென்றன. இவ்வகலப் படிக்கட்டில் படிக்கு ஒருவர் வீதமே கொள்க என்றன. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் இது 68 பேர். நம் அரை மீட்டர் வேகத்துக்கு மாற்றினால் நிமிடத்துக்கு 75, மணிக்கு 4,500. கூட்டம் முண்டியடிக்கும் வேளையிலும் இடையிடையே வெற்றுப் படிகள் மேலே செல்வது களத்தில் கண்ட உண்மை. எண்ணத்தைத் திருத்தாமல், கண்டதை எண்ணியதால் வந்த விடை இது.

2008ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐரோப்பியத் தர நிர்ணயமும் இறங்கி வந்தது. 9,000 என்பது 6,000 ஆயிற்று. மூன்றில் ஒரு பங்கு ஒரே திருத்தத்தில் மறைந்தது. அப்பதிப்பு வெவ்வேறு வேகங்களுக்குத் தரும் எண்களை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வினாடிக்கு 0.5 மீட்டர் எனில் 6,000, 0.65 மீட்டர் எனில் 7,300, 0.75 மீட்டர் எனில் 8,200. இவற்றை அந்தந்த வேகத்தில் வெளிப்படும் படிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், படிக்கு முறையே 1.33, 1.25, 1.21 பேர் வருகிறது. வேகம் ஒன்றரை மடங்காகிறது. ஏறுவோர் தொகையோ 37 விழுக்காடே கூடுகிறது.

இவ்விறக்கத்தில் ஓர் உண்மை ஒளிந்துள்ளது. படிக்கட்டின் அடியில் நிற்பவர் தம் காலை நகரும் படியோடு பொருத்த ஒரு கணம் தயங்குகிறார். படி விரைந்து ஓட ஓட, அந்த ஒரு கணத்தில் நழுவிப் போகும் படிகள் மிகுகின்றன. எனவே கொள்திறனைத் தீர்மானிப்பது மோட்டாரின் ஆற்றல் மட்டும் அன்று. ஏறும் இடத்தில் மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஆகும். முதியோரும் மூட்டை சுமப்போரும் மிகுந்த நிலையத்துக்கும், நாள்தோறும் வந்து பழகிய ஊழியர் மிகுந்த நிலையத்துக்கும் இந்த எண் ஒன்றாக இருக்க முடியாது. கம்பியின் மின்தடை கம்பிக்கு உரிய பண்பு. படிக்கட்டின் கொள்திறனோ இயந்திரமும் மக்களும் சேர்ந்து உண்டாக்கும் பண்பு.

ஃப்ரூயின் வகுத்த தரங்கள்

நெரிசலை அளப்பதில் பெரிய முன்னேற்றத்தைத் தந்தவர் நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜான் ஃப்ரூயின். 1971இல் வெளிவந்த அவருடைய ‘பெடஸ்டிரியன் பிளானிங் அண்ட் டிசைன்’ என்னும் நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. தலைகளை எண்ணுவதோடு நில்லாமல், தலைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கேட்டதே அவருடைய தொண்டு. ஒருவருக்கு உரிய பரப்பைக் கொண்டு, நடைபாதைகளை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு தரங்களாக வகுத்தார். ஒருவருக்கு 3.25 சதுர மீட்டருக்கு மேல் இடமிருந்தால் ‘ஏ’; 0.46 சதுர மீட்டருக்கும் குறைந்தால் ‘எஃப்’, அதாவது ஓட்டம் தடைப்படும் நிலை. பாய்வு என்பது அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்னும் இயற்பியல் உறவே இதன் முதுகெலும்பு. நடைபாதையில் அடர்த்தி கூடினால் வேகம் குறையும். ஆகவே பாய்வு ஓர் உச்சத்தை எட்டிப் பின் வீழும்.

நகரும் படிக்கட்டில் இவ்வுறவு வேறு உருவம் கொள்கிறது. அங்கே வேகத்தை மோட்டார் தருகிறது. எத்தனை பேர் நின்றாலும் வேகம் மாறுவதில்லை. அடர்த்தி கூடக் கூடப் பாய்வு கூடிக்கொண்டே போகும், வீழ்ச்சி இல்லை. இதை மறந்து நடைபாதைக்குரிய அளவுகோலை இங்கே நீட்டுவோர் உண்டு. விளைவைப் பாருங்கள்: படிக்கு 1.33 பேர் என்றால், 0.4 சதுர மீட்டர் பரப்பை 1.33 பேர் பகிர்கின்றனர், ஒருவருக்கு 0.3 சதுர மீட்டர். நடைபாதை அளவுகோலின்படி இது மிகத் தாழ்ந்த ‘எஃப்’. ஆனால் வரிசையில் நிற்போருக்கென்று ஃப்ரூயினே தந்துள்ள மற்றோர் அளவுகோலில் 0.28 முதல் 0.65 சதுர மீட்டர் வரை ‘டி’ தரம். ஒரே மனிதர், ஒரே படி. ஓர் அளவுகோலில் தோல்வி, மற்றொன்றில் தேர்ச்சி! குறை ஃப்ரூயினிடம் இல்லை. எந்த அளவுகோல் எதற்கு என்று அவர் தெளிவாகவே பிரித்து வைத்தார். அவர் நூலைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் எடுத்தாள்வோரிடமே உள்ளது.

இதினும் பெரிய குறை ஒன்று உண்டு. படிக்கட்டின் மீது நெரிசல் இல்லை என்று மெய்ப்பித்துவிட்டால், நெரிசலே இல்லை என்று முடிவு கட்டுவது. கூட்டம் படிக்கட்டின் மேல் நிற்பதில்லை. அதன் அடியில் நிற்கிறது. ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். 4 நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொன்றிலும் 300 பேர் இறங்குகின்றனர். மணிக்கு 4,500 பேர். படிக்கட்டின் கொள்திறன் 6,000. முக்கால் பங்கே பயன்படுகிறது. கவலை இல்லை என்று அறிக்கை கூறும். ஆனால் 300 பேரும் ஒரு நிமிடத்துக்குள் படிக்கட்டின் அடிக்கு வந்துவிடுகின்றனர். அந்நிமிடத்தில் 100 பேர் ஏறினால் 200 பேர் காத்து நிற்பர். கடைசி ஆள் ஏற மேலும் 2 நிமிடம் ஆகும். அந்த 200 பேரும் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் இடத்தில் நிற்க 130 சதுர மீட்டர் தரை வேண்டும். அவ்வளவு தரை இல்லையேல் வரிசை எங்கே நீளும்? ரயில் வந்து நிற்கும் நடைமேடைக்கே. மணிக்கு இத்தனை பேர் என்னும் சராசரி இந்த அலையை முழுவதும் மறைத்துவிடுகிறது.

ஹோல்போர்ன் சோதனை

ஏட்டுக் கணக்கை விட்டுக் களத்தில் செய்த சோதனை ஒன்று உலகின் கவனத்தை ஈர்த்தது. லண்டன் பாதாள ரயிலில் வலப்புறம் நிற்பதும் இடப்புறம் நடப்பதும் நெடுநாளைய வழக்கம். ஹோல்போர்ன் நிலையத்துப் படிக்கட்டுகள் 23 மீட்டருக்கு மேல் உயரம் கொண்டவை. 2015ஆம் ஆண்டு இறுதியில் மூன்று வாரம், காலை நெரிசல் வேளையில், இருபுறமும் நிற்குமாறு பயணிகள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். நடப்போரும் நிற்போரும் கலந்த படிக்கட்டில் நிமிடத்துக்கு 115 பேர் சென்றனர் என்றும், எல்லாரும் நின்ற படிக்கட்டில் 151 பேர் சென்றனர் என்றும் முடிவு வெளியாயிற்று. 31 விழுக்காடு உயர்வு! விரைந்து நடப்பதைத் தடுத்தால் எல்லாரும் விரைவில் சென்று சேர்கின்றனர் என்ற முடிவு பலருக்கும் வியப்பூட்டியது.

நம் கணக்கோடு இது பொருந்துகிறதா? லண்டன் படிக்கட்டுகளின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.75 மீட்டர்; நிமிடத்துக்கு 112 படிகள். 151 பேர் எனில் படிக்கு 1.34 பேர். தர நிர்ணயம் தரும் 1.21ஐ விட இது அதிகம். நாள்தோறும் வந்து பழகிய கூட்டம் தயக்கமின்றி ஏறுகிறது என்று இதை விளக்கலாம். ஆனால் அதே கூட்டம் கூட, பழைய சூத்திரம் எதிர்பார்த்த இருவரை எட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனையின் அளவீடு நன்று. அதிலிருந்து உலகெங்கும் பரவிய முடிவுதான் திறனாய்வுக்கு உரியது. ‘நடப்பது கொள்திறனைக் குறைக்கும்’ என்று பொதுவிதி போலப் பலர் எழுதினர். உண்மையில் அப்படியா? நடப்பவர் ஒருவருக்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று படிகள், அதாவது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்க. படிக்கட்டின் மீது அவர் வினாடிக்கு 0.5 மீட்டர் நடந்தால், தரையை நோக்க அவர் வேகம் 1.25 மீட்டர். நடக்கும் தடம் முழுமையாக நிரம்பியிருந்தால் நிமிடத்துக்கு 62 பேர் செல்வர். நிற்கும் தடத்திலோ, 151இல் பாதி, ஏறத்தாழ 75 பேர். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, ஆயினும் பெரிதன்று. இனி, கலந்த படிக்கட்டின் 115இலிருந்து நிற்கும் தடத்தின் 75ஐக் கழியுங்கள். நடக்கும் தடத்தில் 40 பேரே சென்றுள்ளனர் என்று ஆகிறது. அதாவது அத்தடம் நிரம்பவே இல்லை. 23 மீட்டர் உயரத்தைக் கண்டு நடக்க முன்வந்தோர் குறைவு. எஞ்சியோர் நிற்பதற்காக மறுபுறம் வரிசையில் காத்திருந்தனர். கொள்திறனை விழுங்கியதில் பெரும்பங்கு நடையைச் சாராது; நடப்பார் இன்றிக் காலியாகச் சென்ற தடத்தையே சாரும்.

ஆகவே ஐந்தாறு மீட்டர் உயரமே கொண்ட படிக்கட்டில், பெரும்பாலோர் நடந்தே ஏறும் இடத்தில், ஹோல்போர்ன் முடிவை அப்படியே பொருத்துவது அறிவியலாகாது. ஒரு சோதனையின் முடிவை எடுத்தாளும்போது அதன் வரம்புகளையும் சேர்த்தே எடுத்தாள வேண்டும். பாயில் விதியைச் சொல்லும்போது வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்று சொல்வதில்லையா?

காத்திருப்பு நேரம் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. லண்டனின் கிரீன் பார்க் நிலையத்தை வைத்துக் கேப்ஜெமினி என்னும் ஆலோசனை நிறுவனம் செய்த கணக்கு 2017இல் பத்திரிகைகளில் பரவலாகப் பேசப்பட்டது. நூற்றுக்கு 40 பேர் நடந்தால், நிற்போருக்கு 138 வினாடியும் நடப்போருக்கு 46 வினாடியும் ஆகின்றன. எல்லாரும் நின்றால் எல்லாருக்கும் 59 வினாடி. நடந்தவர் இழப்பது 13 வினாடி. நின்றவர் பெறுவது 79 வினாடி. மொத்தத்தில் ஆளுக்குச் சராசரி 101 வினாடியிலிருந்து 59 ஆகக் குறைகிறது.

இவ்வளவு தெளிவான ஆதாயம் இருந்தும், 2016இல் ஹோல்போர்னில் ஆறு மாதம் நடந்த இரண்டாம் சோதனைக்குப் பிறகு அது நிரந்தர விதியாக்கப்படவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 13 வினாடி இழப்பவர் தம் இழப்பைக் கண்முன் காண்கிறார்; முன்னே நிற்பவரின் முதுகு அவரை மறிக்கிறது. 79 வினாடி பெறுபவருக்கோ, தாம் எதைப் பெற்றோம் என்பதே தெரிவதில்லை. சராசரியை மட்டும் கொண்டு மனிதரை இணங்க வைக்க இயலாது. ஜப்பானில் சைத்தாமா மாநிலம் 2021இலும், நகோயா நகரம் 2023இலும் நகரும் படிக்கட்டில் நின்றே செல்ல வேண்டும் என்று விதி செய்தன. அங்கே முன்வைக்கப்பட்ட காரணம் கொள்திறன் அன்று, விழுந்து அடிபடாமை.

இறங்கும் இடம்

இனி, எல்லாக் கணக்குகளும் மறந்துவிடும் இடத்துக்கு வருவோம். நகரும் படிக்கட்டு முடியும் இடத்தில் குறைந்தது 2.5 மீட்டர் நீளத்துக்குத் தடையற்ற வெளி இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தர நிர்ணயம். அகலம் ஒன்றரை மீட்டர் எனக் கொண்டால் பரப்பு 3.75 சதுர மீட்டர். மேலே பயணச்சீட்டு வாயில்கள் பழுதாகிக் கூட்டம் தேங்கிவிட்டது என்க. ஒரு சதுர மீட்டருக்கு 4 பேர் வீதம் 15 பேர் நின்றால் அவ்வெளி நிரம்பிவிடும். நிமிடத்துக்கு 100 பேரை இயந்திரம் கொண்டுவந்தால், நிரம்ப ஆகும் நேரம் 9 வினாடி!

சாதாரணப் படிக்கட்டில் முன்னே தடை என்றால் பின்னே வருபவர் நின்றுவிடலாம். பாய்வு தானே குறையும். நகரும் படிக்கட்டுக்குக் கண் இல்லை. பத்தாவது வினாடியிலும் அது அடுத்தவரைக் கொண்டுவந்து தள்ளும். நிறுத்தும் பொத்தானை யாரேனும் அழுத்தும் வரை, உள்ளே வருவது குறையாமல் வெளியே போவது மட்டும் அடைபடும். இந்நிலையில் கொள்திறனை 151 ஆக உயர்த்தினால் என்ன ஆகும்? 9 வினாடி 6 வினாடியாகக் குறையும். ஹோல்போர்ன் முறையைப் புகழ்ந்தோர் இந்தப் பக்கத்தைப் போதிய அளவு எழுதவில்லை. ஒரு வாயில் நிமிடத்துக்கு 25 பேரை விடும் எனில், 115 பேருக்கு 5 வாயில்கள் போதும். 151 பேருக்கு 7 வேண்டும். கீழே வரிசையைக் குறைத்த நிர்வாகம் மேலே வாயிலைக் கூட்டாவிட்டால், நெரிசலை அகற்றியதாக ஆகாது. மாடி ஏற்றி வைத்ததாகவே ஆகும்.

2018 அக்டோபர் 23 அன்று ரோம் நகரின் ரெபுப்ளிக்கா நிலையத்தில், கீழ்நோக்கிச் சென்ற படிக்கட்டு ஒன்று கட்டுமீறி விரைந்தது. கால்பந்துப் போட்டி காண வந்த ரஷ்ய ரசிகர்கள் அதில் நெருக்கமாக நின்றிருந்தனர். இறங்கும் இடத்தில் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே வேகம் மிகுந்தது இயந்திரக் கோளாறு. நாம் மேலே கண்ட தேக்கம் வேறு. ஆனால் இரண்டிலும் தீங்கு விளையும் இடம் ஒன்றே. வெளியேறும் வீதத்தை விட வந்து சேரும் வீதம் மிகும்போது, சில வினாடிகளில் அவ்விடம் மனிதர்களால் நிரம்பிவிடுகிறது.

எதை அளக்க வேண்டும்?

ஆகவே ஒரு கட்டடத்தின் நகரும் படிக்கட்டுகளை மதிப்பிடும் அறிக்கை எதுவாயினும், நான்கு எண்களை அதில் தேடுங்கள். மணிக்கணக்கில் சொல்லாமல், மிக நெரிசலான நிமிடத்தில் ஏறுவோர் எத்தனை பேர்? அந்நிமிடத்தில் அடியில் காத்திருப்போர் எத்தனை பேர், அவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு தரை? படிக்கு எத்தனை பேர் என்று கொண்டார்கள், அது கண்டதா கருதியதா? இறங்கும் இடத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேற முடியும்? கடைசி எண் முதல் எண்ணை விடச் சிறியதாயின், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அத்திட்டம் திருத்தப்பட வேண்டியதே.

மாணவர்கள் இதற்குப் பெரிய கருவி எதையும் தேட வேண்டியதில்லை. வினாடி முள் உள்ள கடிகாரமும் குறிப்பேடும் போதும். கூட்டம் மிகுந்த வேளையில், வழியை மறிக்காமல் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடத்தில் வெளிப்படும் படிகளை ஒருவரும், ஏறுவோரை மற்றொருவரும் எண்ணுங்கள். படிகள் 75 என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்று அறியலாம். ஏறுவோரைப் படிகளால் வகுங்கள். விடை 1.3க்கு அருகில் இருந்து, அடியிலும் வரிசை நின்றால், அப்படிக்கட்டு தன்னால் இயன்றதைச் செய்கிறது, இன்னொன்று தேவை. விடை ஒன்றுக்கும் குறைவாக இருந்தும் வரிசை நின்றால், ஏறும் இடத்தை நோக்குங்கள். தூணோ, விளம்பரப் பலகையோ, குறுகிய திருப்பமோ அங்கே வழியை நெருக்கிக்கொண்டிருக்கும். அல்லது ஒரு தடம் காலியாக ஓடிக்கொண்டிருக்கும். புதிய இயந்திரம் வாங்கும் முன் அதைச் சரிசெய்தாலே வரிசை பெரிதும் குறையும். பின்னர் மேலே சென்று, இறங்கிய ஒருவர் அவ்வெளியைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்றும் பாருங்கள். கைப்பேசியை எடுக்கவும், திசை பார்க்கவும், உடன் வந்தவருக்காகக் காத்திருக்கவும் மக்கள் அங்கேதான் நிற்கின்றனர்.